பஸ்ஸை விட்டு இறங்கியவர்

மாஸ்டருக்கு எல்லார் மேலும் கோபம் வராது. சொன்ன சொல்லைச் செய்யாமல் விட்டவர் மேல் மட்டும்தான் வரும். நாங்கள் வேலை பார்த்த இடத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்ததால், பார்க்கிறவர்களுக்கு அவர் எந்நேரமும் கோபமாகவே இருக்கிற மாதிரி தெரியும்.

உங்கள் இரண்டு பேருக்கும் அவரைத் தெரியாது. பாப்பா, நீ அப்போது கைக்குழந்தை. தம்பி பிறக்கவே இல்லை. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் ஒரு டீ ஃபேக்டரி. அதன் கேன்டீனில் அவர் சமையல் மாஸ்டர், நான் அவருக்கு அடுத்த ஆள். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான ஆள். காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா, முழங்கைவரை சுருட்டிய பழுப்பு ஸ்வெட்டர். அவர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் அவர் பெயரை எடுக்க எனக்கு உரிமை கிடையாது. ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாலாக மடித்து ஓரமாக வைப்பார். பிறகு கேட்பார்: "நீங்க சொன்னீங்களா, இல்லீங்களா?" இந்த ஒரு கேள்விதான். ஆமாம் என்றால், "அப்பப் பண்ணுங்க" என்பார். இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, ஏனென்றால் சொன்ன நாள், இடம், பக்கத்தில் நின்றவர் யார் என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு தடவை குந்தாவில் இருந்த மாமனார் வீட்டுக்குப் போகப் பஸ் ஏறியிருக்கிறார். வழியில் ஒரு வளைவில் இறங்க வேண்டும், அங்கே ஸ்டாப் கிடையாது. நிறுத்துகிறேன் ஏறுங்கள் என்று கண்டக்டர் சொல்லிவிட்டு, வளைவு வந்ததும் விசில் ஊத மறந்துவிட்டார். ஒரு மைல் தள்ளி இறக்கிவிட்டார்கள். மழை வேறு. மாஸ்டர் நனைந்துகொண்டே திரும்பி நடந்தார். அடுத்த வாரம் அதே கண்டக்டர் இருக்கிற பஸ்ஸாகப் பார்த்து ஏறி, அந்த வளைவில் இறங்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்தார். பஸ் நிற்கவில்லை. இவரும் இறங்கவில்லை. கடைசி ஸ்டாப்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, மறுபடியும் போனார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போனார். மூன்றாவது நடையில் கண்டக்டரே விசில் ஊதி, கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டாராம். இன்றைக்கும் அந்த வளைவில் பஸ் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று அங்கே இறங்குகிறவர்களுக்குத் தெரியாது.

என்னையும் விட்டதில்லை. காலையில் ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் ஐந்தரைக்குப் போனேன். வெங்காயம், காய், தேங்காய், எல்லா வேலையையும் அவரே முடித்து வைத்திருந்தார். அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. கரண்டியைத் தொட்டால் வாங்கிக்கொண்டார். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம், "நாளைக்கு எத்தன மணிக்கு வர்றே?" என்று கேட்டார். நான் யோசித்து, ஐந்தரை என்றேன். சிரித்துவிட்டார். "அதைச் சொல்லு. சொல்லிட்டு வா" என்றார்.

பிறகுதான் டீத்தூளுக்கு விலை இல்லாமல் போன காலம் வந்தது. பச்சை இலை பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. சுற்று வட்டாரச் சிறு விவசாயிகள் தலையில் இலை மூட்டையைச் சுமந்துகொண்டு வந்து ஃபேக்டரி வாசலில் நிற்பார்கள். பாதியைத் தரமில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். மழையில் அது அழுகிக் கிடக்கும். சில தோட்டங்களில் கவாத்து இல்லாமல் டீச்செடி ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. எங்கள் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது. வேலையில்லாத நாளில் கேன்டீனிலும் அடுப்பு எரியாது. கேன்டீனுக்கு ஒரு ஆள் போதும், இரண்டில் ஒன்றை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அந்தச் சமயத்தில் தொழிலாளிகளின் டீக்கு, சலித்துக் கழித்த நாரும் தூசியும் வர ஆரம்பித்தது. நல்ல தூள்தான் தருவோம் என்று முதலாளி எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். மாஸ்டர் துண்டை மடித்து வைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆபீஸ் ரூமில் வெளியூர் வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். தொழிலாளிகளுக்குப் போட்ட அதே டீயைப் பீங்கான் கப்பில் ஊற்றி, பிஸ்கட்டோடு அனுப்பிவிட்டார். ஒரு வாய் குடித்த வியாபாரி, இது எந்த ஃபேக்டரி தூள் என்று கேட்டார். முதலாளி முகம் எப்படி ஆனது என்று தட்டை எடுத்துக்கொண்டு போன நான் பார்த்தேன். மறுநாள் நல்ல தூள் வந்தது. அவரை வேலையை விட்டு எடுக்காததற்குக் காரணம், அவர் கைச்சாப்பாடு முதலாளி வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்ததுதான்.

இந்த லட்சணத்தில் முதலாளி குடும்பம் மெக்சிகோ கிளம்பியது. மூத்த மகன் அங்கே ஏதோ கார் கம்பெனியில் இருந்தான். சம்பந்தி வீடு, இன்னும் இரண்டு ஃபேக்டரிக்காரர்கள் வீடு என்று ஒரு சின்ன பஸ் நிறைய ஆட்கள். வாசலில் இலை மூட்டையோடு விவசாயி நிற்கும்போதே உள்ளே பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெளிச் சாப்பாடு ஒத்துக்காது என்பதால் சமையலுக்கு ஆள் வேண்டும். முதலில் கோயமுத்தூரிலிருந்து பெரிய சமையல்காரர் ஒருவரைப் பேசியிருந்தார்கள். மகன் போன் பண்ணி, இந்த ஊர் ஊட்டி அளவுக்கு உயரம் என்று சொல்லியிருக்கிறான். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இருக்கிற சமையல்காரர்கள் மலைக்கு வந்து கல்யாணத்துக்குச் சமைத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். உலை சீக்கிரம் கொதித்துவிடும், அரிசி வேகாது. பருப்பு கல்லாகவே நிற்கும். மலையில் சமைத்துப் பழகிய கை வேண்டும். அதனால் மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். கூட நானும்.

ஃபேக்டரி வாசலில், இலை எடை போடுகிற இடத்தில் வைத்துத்தான் பேச்சு நடந்தது. கூலி என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டார். மாஸ்டர் கூலியைப் பற்றிப் பேசவில்லை.

"பத்து நாள் போறீங்க. ஒம்பது நாளு மூணு வேளையும் ஆக்கிப் போடறேனுங்க. ஒரு நாளு எனக்குக் குடுத்துருங்க. சுத்திப் பாக்கோணும்."

"அங்க போயி நீ என்னத்தப்பா பாக்கப் போறே?"

"தெரியலீங்க. பாத்தாத்தானுங்க தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "ஊட்டியில பொறந்தேன். ஊரே வந்து இங்க சுத்திப் பாத்துட்டுப் போகுது. அவங்களுக்கு நான் டீ ஆத்திக் குடுத்திருக்கேன், சோறு போட்டிருக்கேன். நான் ஒரு ஊரையும் சுத்திப் பாத்ததில்லீங்க" என்றார். முதலாளி, சரி, ஒரு முழு நாள் உனக்கு, அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்க வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எடை போட நின்ற விவசாயி, ஒரு படுகக் கவுடர்கூட, "சொல்லிட்டீங்க பாத்துக்குங்க, இந்த ஆளு மறக்க மாட்டாரு" என்றார்.

பயணத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஒன்று மட்டும். ஹோட்டல் அறையில் சமைக்கலாம் என்று நான் கோயமுத்தூரில் இரண்டு பெரிய கரண்ட் குக்கர் வாங்கியிருந்தேன். அந்த ஊர்க் கரண்டு நம் கரண்டில் பாதிதான் என்பது எனக்குத் தெரியாது. அரிசியைப் போட்டு மூன்று மணி நேரம் ஆகியும் தண்ணீர் வெதுவெதுவென்றே இருந்தது. முதல் நாளே எல்லாரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊறிய அரிசியைத் தூக்கிக்கொண்டு ஹோட்டலின் பின்பக்கம் போனார். அங்கே வேலைக்காரர்கள் தங்களுக்குச் சமைக்கிற ஒரு சின்ன அறை, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு வயசான அம்மா. இவர் தமிழில் பேசினார், அந்த அம்மா அவர்கள் பாஷையில் பேசியது. அரை மணி நேரத்தில், ஊரிலிருந்து கொண்டுபோன எங்கள் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. அந்த அம்மா பயந்து சுவரோரம் போய் நின்றுகொண்டது. இவர் நம் டீ ஒரு பொட்டலம் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த அடுப்பு எங்களுக்கும்தான்.

எட்டாவது நாள் அவருடைய நாள் என்று முடிவாகியிருந்தது. முதல் நாள் சாயங்காலமே முகச் சவரம் செய்து, சட்டையை மெத்தைக்கு அடியில் மடித்து வைத்து மடிப்பு எடுத்திருந்தார். காலையில் நாங்கள் கிளம்பி வாசலுக்கு வரும்போது முதலாளி எதிரே வந்தார். இரண்டு பேருக்கு வயிறு சரியில்லை, வெளியே சாப்பிட முடியாது, புளிசாதமும் தயிர்சாதமும் பண்ணிப் பஸ்ஸில் ஏற்று என்றார். மத்தியானம் போகிற இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு அப்படியே படகு பார்க்கப் போகிறோம் என்றார்.

மாஸ்டர் துண்டை மடித்தார். வைக்க இடமில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்னோட நாளுங்க."

"நீயும் பஸ்ஸுலதானப்பா வர்றே. சன்னலோரமா உக்காந்துக்க. அதுவும் பாக்கறதுதான்."

"ஃபேக்டரி வாசல்ல வெச்சு நீங்க சொன்னீங்களா, இல்லீங்களா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காத" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

அவர் சமைக்க மாட்டார் என்று நினைத்தேன். போய் அடுப்பைப் பற்ற வைத்தார். புளிக்காய்ச்சல் அன்றைக்குப் போல என்றைக்கும் அமையவில்லை. கேட்டதற்கு, "வகுறு சரியில்லாதவங்களுக்கு ஆக்கறேன். அது வேற. நாளு வேற" என்றார்.

அன்றைக்குப் போன இடத்துக்குப் பெயர் ஒன்று உண்டு. ஐந்தாறு எழுத்துக்கு மேல், எனக்கு வாயில் வராது. கல்லால் கட்டிய மலை மாதிரிக் கோபுரங்கள், உச்சிவரை படி. பஸ் நிற்கிற இடத்திலிருந்தே தெரிந்தது. டிரைவர் அந்த ஊர்க்காரர், பஸ்ஸில் இருந்த தலைக்கு ஒன்று என்று எண்ணி எல்லாருக்கும் நுழைவுச் சீட்டு வாங்கி வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தார். அவருக்கு நாங்களும் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்தான். முதலாளி வீட்டார் இறங்கிப் போனதும் மாஸ்டர் எழுந்தார்.

"எறங்குப்பா."

"சாப்பாட்ட யாருண்ணா பாக்கறது?"

"சோத்துக்கு என்ன கால் மொளச்சிருக்குதா ஓடிப் போக? டிரைவர் கதவப் பூட்டிருவாரு. எறங்கு."

நான் இறங்கவில்லை. சீட்டை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஹோட்டல் விலாசம் அச்சடித்த அட்டையை எடுத்துக் காட்டினார். "செரி. அவங்க கேட்டா, இருட்டறதுக்குள்ள நானே ஓட்டலுக்கு வந்துர்றேன், எனக்காக நிக்க வேண்டாம்னு சொல்லு. சொல்லீருவியா?"

"சொல்றேண்ணா."

இந்தச் சொல்லை நான் கொடுத்தேன். அதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். படியில் எறும்பு மாதிரி ஆட்கள். பழுப்பு ஸ்வெட்டரைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலாளி வீட்டார் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மலையில் இருக்கிறவர்கள்தான், ஆனால் காரில் போகிறவர்கள். மாஸ்டர் மலையில் கொடிவழிப் பாதை ஏறுகிற மாதிரி, முதுகை வளைத்து, ஒரே சீராக ஏறினார். அவர்கள் பக்கத்தில் போனபோது நின்றாரா, பேசினாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. நின்ற மாதிரி இல்லை. மேலே போய்விட்டார்.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். நான் ஒருவனே பரிமாறினேன். புளிசாதம் பிரமாதம் என்றார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் முதலாளி கேட்டார்.

"எங்க அவன்?"

"தெரியலீங்க."

"ஏதாச்சும் சொல்லீட்டுப் போனானா?"

"இல்லீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம் என்று சொல்லிவிட்டால் சுலபம். தெரியும் என்றால், தெரிந்தும் ஏன் விட்டாய் என்று என்னைத் திட்டுவார்கள் என்ற பயம் இருந்தது நிஜம். ஆனால் பயம் மட்டும் இல்லை. கேன்டீனில் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம் என்பது அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது. ஓடியது எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரியாத மாதிரி இருந்தேன்.

முதலாளியின் மச்சான், வெளிநாட்டுக்குக் கூட்டி வந்தால் இந்தச் சமையல்காரர்கள் இப்படித்தான் ஓடிப்போவார்கள், அங்கேயே ஏதாவது ஹோட்டலில் சேர்ந்துவிடுவார்கள் என்று சொன்னார். பாஸ்போர்ட் எல்லாம் முதலாளியின் பையில் இருந்தது. "எங்க போயிருவான். பட்டாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு முதலாளி டிரைவரைக் கிளம்பச் சொன்னார். பாஷை தெரியாத ஊரில், கையில் பாஸ்போர்ட் இல்லாத ஒரு மனுஷனை விட்டுவிட்டுப் பஸ் நகர்ந்தது. டிரைவர் மட்டும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார், ஒரு ஆள் குறைகிறதே என்று விரலைக் காட்டினார். நான் காலிப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஹோட்டலின் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். முதலாளி வீட்டார் படகு பார்த்துவிட்டு இன்னும் திரும்பவில்லை. என்னை மட்டும் முன்னாலேயே ராத்திரிச் சமையலுக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். அடுப்பு முன்னால் உட்கார்ந்து, அந்த வயசான அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். சொன்னியா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மேலே ஏறி உட்கார்ந்தாராம். காற்று நம் தொட்டபெட்டா காற்று மாதிரியே இருந்ததாம். அந்த ஊர்க் குடும்பம் ஒன்று கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னதாம். எடுத்துக் கொடுத்தாராம். பிறகு அவர்கள் இவரையும் நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்களாம். அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்றே எல்லாரும் நினைத்தார்களாம். ஒரு கிழவி வந்து ஏதோ வழி கேட்டதாம். இவர் தமிழிலேயே, "நேராப் போங்கம்மா" என்று கையைக் காட்டினாராம். கிழவியும் நேராகப் போனதாம். "எங்க போயிச் சேந்துச்சோ" என்று சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பிறகு சாதாரண பஸ் ஒன்றில் ஊருக்குள் வந்திருக்கிறார். பஸ்ஸுக்குச் சில்லறை காலையில் இந்த அம்மாதான் கையில் திணித்ததாம். எல்லாரும் இறங்கிய இடத்தில் தானும் இறங்கி, எல்லாரும் போன பக்கம் போயிருக்கிறார். பெரிய சந்தை. மூட்டை மூட்டையாகக் காய்ந்த மிளகாய், பத்து நிறத்தில். செண்டுமல்லி மலை மாதிரி. மேரக்காய், அதுதான் சௌசௌ, குவியல் குவியலாக. நம் ஊரில் போலவே, ஆனால் சிலதில் முள்ளு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார், வாங்கப் போகிறவர் மாதிரி. மக்காச்சோள மாவைத் தட்டி ரொட்டி சுடுகிற பெண் ஒருத்தி, இவர் பார்த்துக்கொண்டே நிற்கவும், ஒரு உருண்டையை இவர் கையில் கொடுத்துவிட்டாளாம். இவர் தட்டியது அடை கனத்துக்கு வந்ததாம். சுற்றி இருந்த பெண்கள் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். பாஷை தெரியாவிட்டாலும் கிண்டல் தெரியும்தானே. அதைச் சுட்டு, மிளகாய் அரைத்து வைத்து அவருக்கே கொடுத்தார்களாம். அப்புறம் பெரிய மைதானம், கோயில், மணி. அங்கே ஒரு படியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்ப்பா. காத்தால இருந்து ஒருத்தரும் என்னைய டீ கேக்கல" என்றார்.

முதலாளி வீட்டார் வந்து இவரைப் பார்த்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் சோறு வேண்டும் இல்லையா. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நாளைக் கொடுத்தோம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் பேசவில்லை என்று என்னிடம் சொன்னார்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் அவரை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டில் ஓடிப்போகப் பார்த்தவனை வைத்துக்கொள்ள முடியாது என்று ஆபீஸில் சொன்னார்கள். அந்தப் பேச்சு ஒரே நாளில் குன்னூர் பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டது. மாஸ்டர் நேராக ஃபேக்டரி வாசலுக்கு வந்தார். இலை எடை போடுகிற நேரம். மூட்டையோடு முப்பது நாற்பது பேர் நின்றார்கள். முதலாளி தராசுப் பக்கத்தில் இருந்தார்.

"ஓடிப் போகப் பாத்தேன்னு சொன்னீங்களாமா?"

"பின்ன என்ன? சொல்லாமக் கொள்ளாம எறங்கிப் போனே."

"சொல்லீட்டுத்தானுங்க போனேன். சாயங்காலம் வந்துர்றேன்னு இவங்கிட்டச் சொல்லீட்டுத்தான் போனேன். இவனும் உங்ககிட்டச் சொல்லியிருக்கான். கேளுங்க."

கையை என் பக்கம் நீட்டினார். நான் கேன்டீன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் என்னை இன்றுவரை தூங்க விடாத பார்வை.

"சொன்னானா உங்கிட்ட?" என்று முதலாளி கேட்டார்.

அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு வார்த்தை. ஆமாங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாள் அவருடையதாக இருந்திருக்கும். திருடிக்கொண்டு போன நாளாக ஆகியிருக்காது.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.

அவர் துண்டை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. கண்டக்டரை விடாதவர், முதலாளியை விடாதவர், நீ சொன்னியா இல்லியா என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் நான் உடைந்து உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மணி பத்தாகப் போகுது. ஆளுங்க டீக்கு வந்துருவாங்க. போ" என்றார்.

நான் உள்ளே போனேன். திரும்பி வரும்போது வாசலில் அவர் இல்லை.

ஓடிப்போகப் பார்த்தவன் என்ற பெயரோடு அவரை மலையில் எந்த ஃபேக்டரியும் சேர்த்துக்கொள்ளவில்லை. குடும்பத்தோடு கீழே மசினகுடிப் பக்கம் போய், ஜீப் ஓட்டுகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஊட்டியிலிருந்து ஒன்றரை மணி நேரம். நான் போகவில்லை. கேன்டீன் எனக்குக் கிடைத்தது. டீ விலை கொஞ்சம் ஏறிய பிறகு சம்பளமும் ஏறியது. நீங்கள் இரண்டு பேரும் படித்தது அந்த அடுப்பில்தான். முதலாளி மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை, ஆனால் அவர் பொய்க்கு நான்தான் சாட்சி சொன்னேன். அவரை மட்டும் திட்டி இதை முடிக்க முடியவில்லை.

பாப்பா, நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை வாசித்தாய். தலைப்பு, 'என் அப்பா மெக்சிகோவைச் சுற்றிப் பார்த்த கதை'. கல் கோபுரத்தின் உச்சிவரை அப்பா ஏறினார், வழி கேட்ட கிழவிக்குத் தமிழில் வழி சொன்னார், ரொட்டி தட்டினார் என்று வாசித்தாய். எல்லாரும் கை தட்டினார்கள். உனக்கும் தம்பிக்கும் அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாகச் சொல்ல வந்துவிட்டது.

நான் ஏறவில்லை. அந்த ஊரில் நான் பார்த்தது ஒரு பஸ் நிற்கிற இடம், ஒரு சமையலறை, தூரத்தில் படியேறுகிற ஒரு ஆள். அவரிடமிருந்து வேலையை எடுத்தார்கள், பெயரை எடுத்தார்கள். அந்த ஒரு நாள் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதை என் சொந்தப் பிள்ளைகளிடம் என்னுடையது என்று சொல்லி நான் எடுத்துக்கொண்டேன்.

நீ அந்தக் கட்டுரை எழுதிய நோட்டு அம்மாவின் பீரோவில் இருக்கிறது. எடுத்து, 'என் அப்பா' என்று இருக்கிற இடத்தை எல்லாம் பேனாவால் அடித்துவிடு.